செங்டுவில் சிக்கனப் பயணிகள் கூடும் இடம்: ஒரு மறுப்பு

சீன நகரங்களில் குறைந்த செலவில் சுற்றுபவர்களைப் பற்றி ஒரு கருத்து நாற்பது ஆண்டுகளாக வேரூன்றிக் கிடக்கிறது. தனியே வந்த பயணி இன்னொரு பயணியைப் பார்த்துப் பேச விரும்பினால் வெளிநாட்டவர் கூடும் பார் தெருவுக்குப் போக வேண்டும். இல்லாவிட்டால் ஆங்கில மெனு வைத்திருக்கும் காபிக் கடைக்கோ, இளைஞர் விடுதியின் மதுக்கூடத்துக்கோ போக வேண்டும். மொழி தெரியாதவருக்கு நகரத்தின் மற்ற பகுதியெல்லாம் சாத்திய கதவு. அண்மைக் காலத்தில் இந்தக் கருத்தோடு இன்னொன்றும் சேர்ந்துகொண்டது: கைப்பேசி வந்த பிறகு விடுதியின் பொதுக்கூடத்திலும் யாரும் யாரோடும் பேசுவதில்லை, எனவே பயணிகள் சந்திப்பது என்பதே முடிந்துபோன கதை. வழிகாட்டி நூல்களும் பயணம் முடித்து வந்தவர்களின் பேச்சும் இவ்விரண்டையும் மாறி மாறிச் சொல்லி வருகின்றன.

இரண்டுமே தவறு. சிச்சுவான் மாகாணத்தின் தலைநகரான செங்டு இதற்கு நல்ல சான்று. 2020-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி இரண்டு கோடிக்கும் மேற்பட்ட மக்கள் வாழும் நகரம் அது. திபெத்துக்கும் மேற்குச் சிச்சுவான் மலைகளுக்கும் போகிறவர்களுக்கு வாசலாக நீண்ட காலமாக இருந்துவருகிறது. அங்கே சிக்கனப் பயணிகளை ஒன்றுசேர்ப்பவை இரண்டு: தனி ஆளால் தாங்க முடியாத செலவு, மலிவாகக் கிடைக்கும் நீண்ட நேரம். இவை இருக்கும் இடத்தில் சந்திப்பு தானாக நடக்கிறது. இவை இல்லாத இடத்தில் எத்தனை ஆங்கிலப் பெயர்ப்பலகைகள் இருந்தாலும் நடப்பதில்லை.

பழைய கருத்துக்கு ஒரு காலத்தில் அடிப்படை இருந்தது என்பதை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். 1980களின் தொடக்கத்தில் தனிப் பயணிகளுக்குச் சீனா மெல்லத் திறந்தபோது, வெளிநாட்டவர் எங்கே தங்கலாம் என்பதை அரசு விதிகள் தீர்மானித்தன. அவர்கள் கையில் இருந்த பணமே வேறு: 1980 முதல் புழங்கிய அந்நியச் செலாவணிச் சான்றுத் தாள்கள், 1994 தொடக்கத்தில்தான் நிறுத்தப்பட்டன. ரயில் சீட்டிலும் நுழைவுக் கட்டணத்திலும் அவர்களுக்குத் தனி விலை. லோன்லி பிளானட்டின் முதல் சீன வழிகாட்டி 1984-இல் வந்தது. அதைக் கையில் வைத்திருந்தவர்கள் எல்லோரும் இயல்பாகவே ஒரே சில முகவரிகளில் போய் இறங்கினார்கள். செங்டுவில் அப்படி ஒரு முகவரி, சின்னான்மென் பேருந்து நிலையத்தை ஒட்டியிருந்த போக்குவரத்து ஓட்டல். அதன் டார்மிட்டரியில் ஒருவர் திபெத்திலிருந்து திரும்பியிருப்பார், இன்னொருவர் போகக் காத்திருப்பார். எந்தச் சாலை திறந்திருக்கிறது, எங்கே காவலர் திருப்பி அனுப்புகிறார்கள் என்ற செய்தி அங்கே வாய்வழியாகவே பரவியது.

ஆனால் அவர்கள் அங்கே கூடியதற்குக் காரணம் வேறு எங்கும் இடம் கிடைக்காததுதான். விதி ஒரு கூட்டத்தை ஒரு கூரையின் கீழ் அடைத்தது, அடைபட்டவர்கள் நண்பர்களானார்கள். அதைப் பார்த்து, வெளிநாட்டவர் கூடும் இடம்தான் பயணிகள் கூடும் இடம் என்று பொதுவிதி வகுத்தது பெரும் பிழை. அந்த விதிகள் போன பிறகும் பொதுவிதி மட்டும் நூலிலிருந்து நூலுக்குத் தாவிக்கொண்டே வந்தது. இன்று நிலைமை வேறு. 1990களின் இறுதியில் குவாங்டாங் மாகாணத்தில் தொடங்கிய இளைஞர் விடுதி இயக்கம் நாடு முழுவதும் பரவிவிட்டது. வெளிநாட்டவரை ஏற்கத் தகுதி இல்லை என்று சொல்லி விடுதிகள் இடம் மறுக்கக் கூடாது என 2024-இல் சீன அரசுத் துறைகள் வெளிப்படையாக அறிவித்தன. வெளிநாட்டவர் தங்கும் இடத்தை 24 மணி நேரத்துக்குள் காவல்துறையிடம் பதிய வேண்டும் என்ற சட்டம் இன்னும் இருக்கிறது. விடுதியே அதைச் செய்துவிடும். பதியும் முறை தெரியாத சில சிறு விடுதிகள் இன்னமும் தயங்குகின்றன என்பது உண்மை. என்றாலும் ஒரே ஓட்டலில் எல்லோரும் அடைபட்ட காலம் போய்விட்டது.

இனி பார் தெரு. செங்டுவில் இரண்டு இடங்களை எல்லோரும் சுட்டுவார்கள்: ஜின்ஜியாங் ஆற்றங்கரையில் ஜியூயென் பாலத்தை ஒட்டிய வரிசை, ஹாங்காங்கின் பெயர்பெற்ற தெருவை முன்மாதிரியாகக் கொண்டு 2010-இல் திறக்கப்பட்ட லான் குவாய் ஃபாங் வளாகம். இரண்டிலும் இரவில் கூட்டம் நிரம்பி வழியும். அந்தக் கூட்டம் யார் என்று பார்க்க வேண்டும். பெரும்பாலும் உள்ளூர் இளைஞர்கள். நண்பர் குழுவாக வந்து, மேசை பிடித்து, பாட்டில்களை மொத்தமாக வாங்கி, பகடைக் குவளையைக் கவிழ்த்து விளையாடுகிறார்கள். மேசை என்பது அங்கே ஒரு குழுவின் எல்லை. தனியே வந்தவர் கவுன்ட்டர் ஓரத்தில் நின்று பார்த்துவிட்டுப் போகலாம். இசையின் ஒலியில் பக்கத்தில் நிற்பவரிடம் ஊர் பெயரைச் சொல்லவே கத்த வேண்டும். விலையோ சிக்கனப் பயணியை வாசலிலேயே நிறுத்திவிடுகிறது: இரண்டு மூன்று கோப்பைக்குக் கொடுக்கும் பணத்தில் டார்மிட்டரிப் படுக்கையில் ஓர் இரவு தூங்கிவிடலாம். எண்ணி எண்ணிச் செலவு செய்பவர்கள் மூலைக்கடையில் பீர் வாங்கி விடுதி முற்றத்தில் உட்கார்ந்து குடிக்கிறார்கள். சிக்கனப் பயணிகளைத் தேடி அவர்களால் செலவழிக்க முடியாத இடத்துக்கு ஒருவரை அனுப்பும் அறிவுரையில் பொருளே இல்லை.

யூலின் குடியிருப்புப் பகுதியில் 1997-இல் தொடங்கிய சிறு மதுக்கூடம் ஒன்று இதற்கு விலக்குப் போலத் தோன்றலாம். செங்டுவின் ராக் இசைக்குழுக்களை வளர்த்த இடம் அது. 2016-இல் வந்த பாடகர் ஜாவ் லெயின் ‘செங்டு’ பாட்டு அதை நாடெங்கும் அறிமுகப்படுத்தியது. அங்கே மக்கள் வருவது இசைக்காக. பொதுவான ஒரு நாட்டம் இருப்பதால் பேச்சு தொடங்குகிறது. மது அங்கே இரண்டாம்பட்சம்.

சந்திப்பு உண்மையில் நிகழும் முதல் இடம் தேநீரகம். இதைச் சொன்னால் பலர், அது முதியவர்கள் சீட்டாடும் இடம், சுற்றுலாப் படத்துக்கான காட்சி என்று ஒதுக்கிவிடுகிறார்கள். செங்டுவின் தேநீரகம் எப்படி இயங்குகிறது என்பதைக் கவனிக்காமல் சொல்லும் சொல் அது. 1911-இல் ஷாவ்செங் பூங்கா என்ற பெயரில் திறக்கப்பட்ட இன்றைய மக்கள் பூங்காவுக்குள், குளத்தை ஒட்டி, 1923-இல் தொடங்கிய ஹெமிங் தேநீரகம் இருக்கிறது. மரநிழலில் மூங்கில் நாற்காலிகள், தாழ்ந்த சதுர மேசைகள். தட்டு, கிண்ணம், மூடி என மூன்றும் சேர்ந்த கோப்பையில் இலையைப் போட்டுக் கொடுக்கிறார்கள். பணம் ஒரு முறைதான். அதன் பிறகு வெந்நீர் எத்தனை முறை ஊற்றினாலும் கூடுதல் கட்டணம் இல்லை. பல வேளைகளில் ஃபிளாஸ்க்கையே மேசைக்குப் பக்கத்தில் வைத்துவிடுவார்கள். காலையில் உட்கார்ந்தவர் மாலையில் எழுந்து போகலாம், யாரும் முகம் சுளிக்கமாட்டார்கள். நகரத்தில் இத்தனை குறைந்த விலைக்கு இத்தனை நீண்ட நேரம் வேறெங்கும் கிடைப்பதில்லை.

இடநெருக்கடியும் இங்கே உதவிக்கு வருகிறது. வார இறுதியில் காலி மேசை கிடைக்காது. ஏற்கெனவே ஆள் இருக்கும் மேசையில், கேட்டுவிட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்வது அங்கே வழக்கம். அதை யாரும் அத்துமீறலாக எண்ணுவதில்லை. அப்படிச் சேர்ந்து உட்கார்ந்தவர்களுக்குள் பேச்சைத் தொடங்கிவைக்கப் பூங்காவே போதுமான விஷயம் கொடுக்கிறது. உலோகக் கவையைத் தட்டி ஒலி எழுப்பியபடி காது குடைபவர் வருவார். கொஞ்சம் தள்ளி, மணமாகாத பிள்ளைகளின் வயது, படிப்பு, வேலை எல்லாம் எழுதிய தாள்களைத் தொங்கவிட்டுப் பெற்றோர்கள் வரன் தேடிக்கொண்டிருப்பார்கள். ரயில்பாதை உரிமைக்காக 1911-இல் நடந்த போராட்டத்தில் இறந்தவர்களுக்கு 1913-இல் எழுப்பிய நினைவுத்தூண் பக்கத்திலேயே நிற்கிறது. பார்த்ததைப் பற்றி அடுத்த நாற்காலிக்காரரிடம் கேட்காமல் இருப்பதுதான் கடினம். வென்சு மடத்தை ஒட்டிய தேநீர் முற்றமும் இப்படிப்பட்டதே, சற்று அமைதியானது. குவான்ஜாய் சந்துகளிலும் ஜின்லித் தெருவிலும் இருக்கும் தேநீர்க் கடைகள் இந்தக் கணக்கில் சேரா. 2008-இல் புதுப்பித்துத் திறந்த சந்துகளும், வூஹோ கோயிலை ஒட்டிய ஜின்லியும் நடந்து போய்க்கொண்டே வாங்கும் கூட்டத்துக்காக அமைந்தவை. உட்கார இடம் இருந்தாலும் விலை நெடுநேரம் உட்கார விடாது.

முன்பின் அறியாதவர் கூடும் இடமாகத் தேநீரகம் இருப்பது சுற்றுலாவால் வந்த புதுமை அல்ல. செங்டுவின் தேநீரகங்களைப் பற்றி வரலாற்றாசிரியர் வாங் தி விரிவாக ஆராய்ந்து 2008-இல் வெளியிட்ட நூல், 1900 முதல் 1950 வரையான காலத்தில் அவை நகரத்தின் பொதுக்கூடமாகவே இயங்கியதைக் காட்டுகிறது. ஒவ்வொரு தொழிலினருக்கும் ஒரு தேநீரகம். வேலை தேடுபவர் அங்கே காத்திருப்பார், ஆள் தேவைப்படுபவர் அங்கே வந்து அழைத்துப்போவார். சண்டையிட்ட இரு தரப்பு நடுவர் முன் தேநீர் குடித்துத் தீர்த்துக்கொள்ளும் வழக்கமும் இருந்தது. வெளியூரிலிருந்து வந்தவர் தகவலுக்கும் ஆளுக்கும் தேநீரகத்தை நாடுவது அந்த நகரத்துக்கு நூறாண்டுப் பழக்கம். இன்று முதுகுப்பையோடு வருபவர் அந்தப் பழக்கத்துக்குள்தான் வந்து உட்கார்கிறார். இதைக் காணாமல் பார் தெருவைச் சுட்டிக்காட்டுபவர்கள் நகரத்துக்கும் பயணிக்கும் ஒருசேர அநீதி செய்கிறார்கள்.

இரண்டாவது இடம் ஓர் இடம் என்று சொல்வதைவிட ஒரு தேவை என்று சொல்வதே பொருத்தம். செங்டுவிலிருந்து மேற்கே காங்டிங், தாகோங், லிதாங், தான்பா, யாடிங் போகும் மலைப்பாதைகளில் பேருந்து குறைவு. நினைத்த இடத்தில் இறங்கிப் பார்க்க முடியாது. வேன் அமர்த்தினால் கட்டணம் முழு வண்டிக்கு. ஆறு பேர் ஏறினால் ஷேர் ஆட்டோ போல ஆளுக்குக் கொஞ்சம். ஒருவர் மட்டும் போனால் கட்டுப்படியாகாது. ஆகவே புறப்படுவதற்கு முன்பே ஆள் தேட வேண்டியிருக்கிறது. முன்பு விடுதிச் சுவரில் “வியாழக்கிழமை புறப்படுகிறோம், இரண்டு இருக்கை காலி” என்ற வகையில் கையால் எழுதிய தாள்கள் ஒட்டியிருக்கும். இன்று அதே வேலையை வீசாட் என்ற கைப்பேசிச் செயலியில் விடுதி வைத்திருக்கும் குழு செய்கிறது. வண்டியில் ஏறும் முன் அவர்கள் ஒரு மாலை சேர்ந்து உட்கார்ந்து வழி, விலை, தங்குமிடம் பேசியாக வேண்டும். எதிலும் சேராத மனிதர்களைக்கூட இந்தக் கணக்கு ஒரு மேசையில் உட்காரவைக்கிறது.

திபெத் விஷயத்தில் இது இன்னும் கட்டாயம். வெளிநாட்டவர் திபெத் தன்னாட்சிப் பகுதிக்குள் போகத் தனி அனுமதிச் சீட்டு வேண்டும். அதைப் பயண முகமை வழியாகத்தான் பெற முடியும். வழிகாட்டியும் வண்டியும் ஏற்பாடு செய்த பயணமாகவே போக வேண்டும். தனியே போனால் அந்தச் செலவு முழுவதும் ஒருவர் தலையில். நான்கைந்து பேர் சேர்ந்தால் தாங்கலாம். அனுமதிச் சீட்டு வந்து சேரும்வரை செங்டுவில் காத்திருப்பவர்களும் உண்டு. செலவுப் பங்கீடும் காத்திருப்பும் சேரும் இந்த இடத்தில்தான், பிற சீன நகரங்களைவிடச் செங்டுவில் பயணிகள் எளிதில் ஒன்றுசேர்வதன் காரணம் அடங்கியிருக்கிறது.

உணவிலும் இதே கணக்குத்தான். சிச்சுவான் சாப்பாடு தட்டுகளை நடுவில் வைத்துப் பகிர்ந்து உண்பது. தனி ஆள் ஒரு தட்டு, ஒரு கிண்ணம் சோறு என்று முடித்துக்கொள்ள வேண்டியதுதான். நான்கு பேர் போனால் அதே அளவு தலைச்செலவில் ஐந்து வகை சுவைக்கலாம். கொதிக்கும் மிளகாய்க் குழம்புச் சட்டியைச் சுற்றி உட்கார்ந்து சாப்பிடும் ஹாட்பாட்டுக்குச் சட்டியின் விலையே தனி. காரம் தாங்காதவருக்காகச் சட்டியின் ஒரு பாதியில் காரமில்லாத குழம்பு ஊற்றித் தருவார்கள் என்பதால், வெவ்வேறு நாட்டு நாக்குகள் ஒரே சட்டியில் சாப்பிட முடிகிறது. விடுதியில் மாலை ஆறு மணிக்கு “ஹாட்பாட்டுக்கு யார் வருகிறீர்கள்?” என்ற கேள்வி எழுவது இதனால்தான்.

விடுதியைப் பற்றிய பொதுக்கருத்தும் திருத்தப்பட வேண்டியது. அதன் உயிர் மதுக்கூடத்தில் இல்லை. சமையலறையிலும், துணி உலர்த்தும் மொட்டைமாடியிலும், எல்லோரும் சேர்ந்து டம்ப்ளிங் மடிக்கும் மாலைகளிலும் இருக்கிறது. இன்னும் முக்கியமாக, அங்கே சில மணி நேரம் வேலை செய்து அதற்கு ஈடாகப் படுக்கை பெற்றுத் தங்கும் சீன இளைஞர்களிடம் இருக்கிறது. அவர்கள் வாரக்கணக்கில் அங்கேயே இருப்பவர்கள். நேற்று யார் வந்தார், நாளை யார் எங்கே போகிறார், யாருக்கு வண்டியில் ஆள் தேவை என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரியும். புதிதாக வந்தவர் முதலில் பழக வேண்டியது அவர்களோடு. வழிகாட்டி நூல்கள் விடுதியின் பூல் மேசையைக் குறிப்பிடுகின்றன. இவர்களைப் பற்றிப் பேசுவது அரிது.

இங்கேதான் பழைய கருத்தின் ஆழமான குறை வெளிப்படுகிறது. அது பயணி என்ற சொல்லால் வெளிநாட்டவரை, அதிலும் மேற்கத்தியரை, மட்டுமே கருதுகிறது. செங்டுவின் டார்மிட்டரிகளில் இன்று படுத்திருப்பவர்களில் பெரும்பாலோர் சீனர்கள். ஜூனில் கல்லூரி நுழைவுத்தேர்வு முடித்த மாணவர்கள், பட்டம் பெற்று வேலையில் சேருமுன் ஊர் சுற்றுபவர்கள், வேலையை விட்டுவிட்டுக் கிளம்பியவர்கள், 318-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில் லாசா வரை இரண்டாயிரம் கிலோமீட்டருக்கும் மேல் மிதிவண்டி மிதிக்கப் புறப்படுபவர்கள். மிதிவண்டிக்காரர்கள் தனித்துப் போக அஞ்சும் மலைக்கணவாய்கள் அந்த வழியில் உண்டு. அவர்களும் செங்டுவில் துணை தேடுகிறார்கள். இவர்கள் எல்லோரும் முதல்தரமான சிக்கனப் பயணிகள். இவர்களைக் கணக்கில் சேர்க்காமல் சீன நகரத்தில் பயணிகளே கிடைப்பதில்லை என்று சொல்வது, கண்ணெதிரே இருப்பவரை இல்லை என்பதற்குச் சமம்.

அவர்களோடு பேச மொழி வேண்டாமா என்பது அடுத்த எதிர்வாதம். வேண்டும்; ஆனால் சொல்லப்படும் அளவுக்கு அது சுவர் அல்ல. 2001 முதல் சீனப் பள்ளிகளில் மூன்றாம் வகுப்பிலிருந்தே ஆங்கிலம் படிப்படியாகக் கொண்டுவரப்பட்டது. இன்றைய இளம் பயணிகள் அந்தத் தலைமுறை. பேசத் தயங்கினாலும் படிக்கவும் எழுதவும் அவர்களால் முடிகிறது. விட்டுப்போனதைக் கைப்பேசி மொழிபெயர்த்துவிடுகிறது. இடையில் பாலமாக நிற்பவர்களும் உண்டு. 2023 டிசம்பரில் மலேசியருக்கு விசா இல்லாமல் நுழையும் வசதி வந்த பின்னும், சிங்கப்பூரருக்கு ஏற்கெனவே இருந்த விசா விலக்கு 2024 பிப்ரவரியில் விரிவாக்கப்பட்ட பின்னும் அந்நாட்டவருக்குச் சீனப் பயணம் எளிதாகிவிட்டது. அவர்களில் பலருக்கு ஆங்கிலமும் மாண்டரினும் தெரியும். மலேசியாவின் சீனத் தொடக்கப் பள்ளிகளில் படித்த தமிழர்களும் அந்த வரிசையில் அடக்கம். தமிழ், மலாய், ஆங்கிலம், மாண்டரின் நான்கும் அறிந்த ஒருவர் டார்மிட்டரியில் இருந்தால் அந்த அறை முழுவதும் பேசத் தொடங்கிவிடும்.

கைப்பேசி சந்திப்பைக் கொன்றுவிட்டது என்ற வாதம் சந்திப்பின் இரு கட்டங்களைக் குழப்புகிறது. முன்பு ஆளைக் கண்டுபிடிப்பதும் அவரோடு உட்கார்வதும் ஒரே இடத்தில் நடந்தன. இப்போது கண்டுபிடிப்பது வீசாட்டிலும், இளைஞர்கள் துணை தேடி எழுதும் சியாவ்ஹோங்ஷு என்ற சமூக ஊடகச் செயலியிலும் நடக்கிறது. உட்கார்வது தேநீரகத்திலும் ஹாட்பாட் கடையிலும் நடக்கிறது. வரவேற்பு மேசையில் ஒட்டிய கியூஆர் குறியீட்டை ஒருவர் ஸ்கேன் செய்த அன்று மாலையே சாப்பாட்டுக்கு நான்கு பேர் சேர்ந்துவிடுகிறார்கள் என்றால், கைப்பேசி எதைக் கொன்றது? பொதுக்கூடத்தில் தலைகுனிந்து திரையைப் பார்த்திருப்பவர் பல வேளைகளில் அடுத்த நாள் வண்டிக்கு ஆள் சேர்த்துக்கொண்டிருப்பார். குழுவில் சேராத புதியவருக்கு அந்த அறை ஊமையாகத் தெரிவது இயல்பு. சீனா போகுமுன் வீசாட் நிறுவி வைத்துக்கொள்ளாதவருக்குத்தான் இழப்பு.

எதிர்த்தரப்பு சொல்லாமல் விட்ட ஒரு வலுவான வாதம் இருக்கிறது. அதை ஏற்றுத்தான் ஆக வேண்டும். உண்மையில் குறைந்துபோனது வழியில் நடந்த சந்திப்பு. சியானிலிருந்து செங்டுவுக்கு இரவு முழுவதும் ரயிலில் வர வேண்டியிருந்த காலத்தில், கதவில்லாத ஆறு படுக்கைகளின் நடுவே, வெந்நீர்க் கலத்துக்குப் போய் வரும் வழியில், நடைபாதையின் மடக்கு இருக்கையில் எத்தனையோ பழக்கங்கள் உருவாயின. 2017 டிசம்பரில் அதிவேக ரயில் வந்த பின் அந்தப் பயணம் நான்கு மணி நேரத்துக்குள் முடிகிறது. ஜியூஜாய்கோ பள்ளத்தாக்குக்கு முன்பு நாள் முழுவதும் பேருந்தில் குலுங்கிப் போவார்கள். 2024 ஆகஸ்டில் ஹுவாங்லோங்–ஜியூஜாய் நிலையம் வரை ரயில் திறந்ததும் அந்தப் பேருந்துத் தோழமைக்கு வேலை குறைந்தது. இது வருந்தத்தக்க இழப்பு. அதற்கு ஈடாக நகரத்துக்குக் கிடைத்தது நேரம்: சாலையில் கழிந்த நாட்கள் இப்போது செங்டுவில் கழிகின்றன. மெதுவான வழி அடியோடு மறையவும் இல்லை. லாசா ரயில் இன்றும் ஒன்றரை நாள் ஓடுகிறது. பழைய செங்டு–குன்மிங் பாதையில் லியாங்ஷான் மலைகளுக்கு ஊடே யீ இன மக்கள் கோழியும் காய்கறியும் ஏற்றிப்போகும் மலிவுக் கட்டண ரயில் ஓடிக்கொண்டிருக்கிறது.

காலமும் பார்த்துப் போக வேண்டும். அக்டோபர் முதல் வாரத் தேசிய விடுமுறையில் எங்கும் கூட்டம். விடுதி வாடகை ஏறிவிடும், தேநீரகத்தில் சேர்ந்து உட்காரவும் நாற்காலி கிடைக்காது. வசந்த விழாவின்போது வேலைக்குத் தங்கிய இளைஞர்களில் பலர் சொந்த ஊர் போய்விடுவார்கள், சிறு உணவகங்கள் மூடியிருக்கும். மார்ச்சில் வெளிநாட்டவருக்குத் திபெத் அனுமதி நிறுத்தப்படுவது வழக்கம் என்பதால் அந்தப் பக்கம் ஆள் சேராது. ஏப்ரல், மே மாதங்களிலும், செப்டம்பரிலும், அக்டோபர் விடுமுறை முடிந்த பின்னரும் மலைப்பாதைகள் திறந்திருக்கும், விடுதிகளில் படுக்கையும் கிடைக்கும். மக்கள் பூங்காவில் வார நாள் காலை ஒன்பது, பத்து மணிக்குப் போனால் நாற்காலியும் கிடைக்கும், பேச ஆளும் கிடைப்பார்.